எகிப்தும் ஜப்பானும்: வல்லமை இடம் மாறிய வரலாறு

1864ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று வரலாற்று ஆய்வாளரிடையே பெரிதும் அறியப்பட்டதாகும். கீஸாவில், ஸ்பிங்ஸ் சிலையின் முன்னால், இடையில் வாளும் தலையில் அகன்ற தொப்பியுமாகச் சாமுராய் வீரர்கள் நிற்கின்றனர். அவர்கள் ஐரோப்பாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஜப்பானியத் தூதுக்குழுவினர். யோகோஹாமா துறைமுகத்தை அயலாருக்கு மூடிவிட ஒப்புதல் பெற்று வருவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அதில் அவர்கள் வெற்றி பெறவில்லை. ஆனால் இங்கு நம் கவனத்திற்குரியது வேறொன்று. அவர்கள் கடந்து சென்ற எகிப்தில் அப்போது இருப்புப்பாதை இருந்தது; ஜப்பானில் இல்லை. அலெக்ஸாந்திரியாவுக்கும் கெய்ரோவுக்கும் இடையிலான பாதை 1856லேயே நிறைவு பெற்றிருந்தது. ஜப்பானின் முதற்பாதை 1872லேயே திறக்கப்பட்டது. அச்சகம், மருத்துவக் கல்லூரி, ஐரோப்பாவில் பயின்று திரும்பிய மாணவர் அணி ஆகிய எல்லாவற்றிலும் எகிப்து முந்தியிருந்தது.

அதன் பின் நாற்பது ஆண்டுகள் சென்றன. 1905இல் ஜப்பான் ரஷ்யாவைப் போரில் வென்ற வல்லரசு. எகிப்தோ 1882 முதல் பிரித்தானியப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த நாடு. எகிப்திய விடுதலை இயக்கத் தலைவர் முஸ்தபா காமில் 1904இல் ஜப்பானைப் பற்றி 'உதிக்கும் சூரியன்' என்ற பொருள்படும் தலைப்பில் அரபு நூலொன்றை எழுதினார். முன்னே சென்றவன் பின்னே வந்தவனைப் பார்த்துப் பாடம் கேட்கும் நிலை எவ்வாறு வந்தது?

சில நாடுகள் வலிமை பெறுவதும் சில நலிவதும் ஏன் என்ற வினாவுக்கு இனம், தட்பவெப்பம், மதம் என்று எளிய விடை கூறிவிடுவோர் எக்காலத்திலும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆட்சியாளர்கள் பலர் கீழை நாட்டாருக்கு இயல்பிலேயே ஆட்சித் திறன் இல்லை என்றனர். ஜப்பானின் எழுச்சி அவ்விடையைப் பொய்யாக்கிற்று. இஸ்லாம் முன்னேற்றத்திற்குத் தடை என்று உரைத்தோரும் இருந்தனர். அல்அஸ்ஹரில் கற்ற ஆலிம்களே மேலைக் கலைகளை அரபு மொழிக்குக் கொணர்வதில் முன்னின்றனர் என்ற உண்மை அக்கூற்றை மறுக்கிறது. ஆகவே விடையை நிகழ்ச்சிகளின் உள்ளிருந்தே தேடியாக வேண்டும்.

இப்னு கல்தூன் தந்த அளவுகோல்

துனீஸில் 1332இல் பிறந்து, வாழ்வின் இறுதி இருபதாண்டுகளுக்கு மேலாகக் கெய்ரோவையே உறைவிடமாகக் கொண்டு, 1406இல் அங்கேயே மறைந்த இப்னு கல்தூன், தம் 'முகத்திமா'வில் இவ்வினாவை ஆராய்ந்திருக்கிறார். அரசுகளின் எழுச்சிக்கு அடிப்படை 'அஸபிய்யா' எனப்படும் கூட்டுணர்வு என்பது அவருடைய புகழ்பெற்ற கொள்கை. அத்துணை பேசப்படாத மற்றொரு கருத்தும் அந்நூலில் உண்டு. ஆள்பவர் தாமே வணிகராக இறங்குவது குடிகளுக்குத் தீங்கு. இறுதியில் கருவூலத்திற்கும் தீங்கு என்கிறார் அவர். அரசனின் முதலோடும் அதிகாரத்தோடும் போட்டியிட எந்தக் குடிமகனாலும் இயலாது. அரசன் தான் விரும்பிய விலைக்கு வாங்குவான். விரும்பிய விலைக்கு விற்பான். முயற்சிக்குப் பயனில்லை என்று கண்ட மக்கள் கை ஓய்வர். வரி செலுத்துவோர் ஓய்ந்தால் வரி எங்கிருந்து வரும்?

இந்நூல் 1857இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் அச்சாயிற்று. அந்த அச்சகத்தை 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவியவர் முஹம்மது அலீ பாஷா. இப்னு கல்தூன் எச்சரித்த அதே வழியில் ஆட்சி நடத்திய ஒருவரின் அச்சகத்திலிருந்தே அவ்வெச்சரிக்கை வெளிவந்தது.

பாஷாவின் எகிப்து

நெப்போலியனின் படையெடுப்புக்குப் பின் 1801இல் உதுமானியப் படையின் அல்பேனியப் பிரிவோடு எகிப்துக்கு வந்தவர் முஹம்மது அலீ. 1805இல் ஆளுநரானார். 1811இல் கெய்ரோக் கோட்டையில் விருந்துக்கு அழைத்த மம்லூக் தலைவர்களைக் கொன்றொழித்துத் தம் ஆட்சியை உறுதிப்படுத்தினார். நாற்பது வயதைக் கடந்த பின்பே எழுத்தறிந்தவர் என்று கூறப்படும் அவர், அறிவின் பயனை நன்கு உணர்ந்திருந்தார். வரிக் குத்தகை முறையை ஒழித்து நிலங்களை அளக்கச் செய்தார். நீண்ட இழைப் பருத்தியைப் பயிரிடச் செய்தார். ஆலைகளும் கப்பல் கட்டும் தளமும் அமைத்தார். 1826இல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். அவர்களுக்கு இமாமாகச் சென்ற அல்அஸ்ஹர் ஆலிம் ரிஃபாஆ அத்தஹ்தாவீ ஐந்தாண்டுகளில் பிரெஞ்சு மொழியைக் கற்றுத் தேர்ந்து, தம் பாரிஸ் அனுபவங்களை 1834இல் நூலாக வெளியிட்டார். 1835இல் தொடங்கிய மொழிகள் பள்ளியின் உயிர்நாடியாக விளங்கியவரும் அவரே.

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் இவை யாவும் ஒரே நோக்கத்திற்காக நிகழ்ந்தன. அது படை. மருத்துவப் பள்ளி படை வீரரைக் காப்பதற்கு, பொறியியல் பள்ளி பீரங்கிக்கு, நெசவாலை சீருடைக்கு, மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி போர்க்கலை நூல்களுக்கு. விளைந்த பருத்தியை உழவர் பாஷாவுக்கே அவர் குறித்த விலையில் விற்க வேண்டும். மஹ்மூதிய்யாக் கால்வாய் வெட்டுவதற்குக் கட்டாய உழைப்பில் திரட்டப்பட்டோரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். 1820களில் கட்டாயப் படைச்சேர்ப்புத் தொடங்கியபோது, உழவர் தம் விரல்களைத் தாமே வெட்டிக்கொண்டும் கண்ணைக் குருடாக்கிக்கொண்டும் தப்ப முயன்றனர் என்பது அக்கால ஆவணங்கள் கூறும் உண்மை. தன் அரசின் படையில் சேராதிருக்கத் தன் கண்ணையே இழக்கத் துணியும் குடிமகன் இருக்கும் நாட்டில் அஸபிய்யா எங்ஙனம் விளையும்?

வெளித்தோற்றத்தில் வலிமை பெருகியது. 1831இல் சிரியாவுக்குள் நுழைந்த பாஷாவின் மகன் இப்ராஹீமின் படை, 1832இல் கோன்யாவிலும் 1839இல் நஸீபிலும் சுல்தானின் படைகளைத் தோற்கடித்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட படையினர் அப்போது பாஷாவின் ஆணைக்குக் காத்திருந்தனர். ஆயினும் பிரித்தானியாவும் அதன் துணை அரசுகளும் 1840இல் இலண்டனில் உடன்படிக்கை செய்து, அவ்வாண்டு நவம்பரில் அக்கா கோட்டையைக் கடலிலிருந்து தகர்த்தபோது, எகிப்து பணிய நேர்ந்தது. 1841இல் சுல்தான் விடுத்த ஆணை பாஷாவின் குடும்பத்திற்கு எகிப்தின் ஆட்சியுரிமையை வழங்கியது. படையை 18,000 பேர் என்ற அளவுக்குள் சுருக்கியது. 1838இல் பிரித்தானியாவும் உதுமானிய அரசும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் ஏகபோகங்களைத் தடை செய்து, இறக்குமதித் தீர்வையை 5 விழுக்காட்டில் நிறுத்தியிருந்தது. அதுவும் எகிப்தின்மீது பாய்ந்தது.

படை சுருங்கியதும் அதனைச் சார்ந்து நின்ற யாவும் சுருங்கின. ஆலைகள் பல மூடப்பட்டன, எந்திரங்கள் துருவேறின, பள்ளிகள் தேய்ந்தன. பின்னர் ஆட்சிக்கு வந்த முதலாம் அப்பாஸ் மொழிகள் பள்ளியை மூடிவிட்டுத் தஹ்தாவீயைச் சூடானின் கார்த்தூமுக்குத் தொடக்கப் பள்ளி நடத்த அனுப்பினார். பாரிஸின் அறிவை அரபுக்குக் கொணர்ந்த ஒருவரின் பணி ஒரேயொரு மனிதரின் விருப்பு வெறுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அயலார் இழைத்த கேடு ஒருபுறம் இருக்க, அக்கேட்டைத் தாங்கி நின்று மீண்டும் கட்டியெழுப்பும் சமூகம் உருவாகியிருக்கவில்லை என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது.

கடன் வழியே வந்த அடிமைத்தனம்

முஹம்மது அலீ அயல்நாட்டுக் கடனை நாடாதவர். அவருடைய வழித்தோன்றல்கள் அவ்வெச்சரிக்கையைக் கைவிட்டனர். 1854இல் ஸயீத் பாஷா தம் நண்பர் லெஸ்ஸெப்ஸுக்குச் சூயஸ் கால்வாய் உரிமையை வழங்கினார். 1862இல் எகிப்தின் முதல் வெளிநாட்டுக் கடனையும் அவரே வாங்கினார். அடுத்து வந்த இஸ்மாயீலின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி விலை விண்ணை முட்டியது. அப்போர் 1865இல் முடிந்ததும் விலை வீழ்ந்தது. ஆனால் செலவு வீழவில்லை. இஸ்மாயீல் வீணே வாரியிறைத்தார் என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. கால்வாய்கள், இருப்புப்பாதைகள், தந்திக் கம்பிகள், பள்ளிகள் ஆகியவற்றிற்கும் அவர் பெருந்தொகை செலவிட்டார். கடன் கொடுத்தோரின் சூதும் சிறிதன்று. 1873இல் 3 கோடியே 20 லட்சம் பவுன் என்று எழுதப்பட்ட கடனில் கருவூலத்தை வந்தடைந்தது ஏறத்தாழ 2 கோடி பவுனே. கால்வாய்ப் பணியில் கட்டாய உழைப்பை நிறுத்தியதற்காகவும் நிலங்களைத் திரும்பப் பெற்றதற்காகவும் கால்வாய் நிறுவனத்திற்கு 8 கோடியே 40 லட்சம் பிராங்கு ஈடு செலுத்துமாறு 1864இல் மூன்றாம் நெப்போலியன் நடுவராக இருந்து தீர்ப்பளித்தார்.

1869இல் உலகே வியக்க விழா எடுத்துத் திறக்கப்பட்ட கால்வாயில் எகிப்துக்கு இருந்த 1,76,602 பங்குகளும் 1875இல் ஏறத்தாழ 40 லட்சம் பவுனுக்குப் பிரித்தானிய அரசின் கைக்கு மாறின. 1876இல் கடன் 9 கோடி பவுனைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டே கடன் கொடுத்த நாடுகளின் பிரதிநிதிகள் அடங்கிய கடன் ஆணையம் கெய்ரோவில் அமர்ந்து நாட்டின் வருவாயை எண்ணத் தொடங்கிற்று. 1879இல் இஸ்மாயீல் பதவியிழந்தார். வருவாயில் ஏறத்தாழ பாதி கடனுக்கே சென்றது.

இந்நிலையில்தான் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, சிறிது காலம் அல்அஸ்ஹரில் பயின்று, படையில் கர்னலாக உயர்ந்த அஹ்மத் உறாபி முன்வந்தார். 1881 செப்டம்பர் 9ஆம் நாள் அவர் ஆப்தீன் மாளிகை முன் படையணிகளோடு நின்று, அரசியல் சட்ட ஆட்சியைக் கோரினார். கூடிய பிரதிநிதிகள் அவை, கடனுக்கு ஒதுக்கப்பட்டது போக எஞ்சிய வரவு செலவைத் தான் ஆராய உரிமை வேண்டும் என்றது. கடனை மறுக்கவில்லை, எஞ்சியதற்குக் கணக்குக் கேட்டது, அவ்வளவே. பிரித்தானியாவும் பிரான்ஸும் அதையும் பொறுக்கவில்லை. 1882 ஜூலை 11இல் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைத் தாக்கின. செப்டம்பர் 13ஆம் நாள் விடியலில் தல்லுல் கபீரில் நடந்த போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. தற்காலிகம் என்று கூறி நுழைந்த படைகள் முற்றாக வெளியேறியது 1956இல்.

ஜப்பான் நடந்த வழி

ஜப்பானும் சம உரிமையற்ற ஒப்பந்தங்களில் சிக்கிய நாடே. 1858இல் செய்த ஒப்பந்தங்களால் அயல்நாட்டார் ஜப்பானிய நீதிமன்றத்திற்கு உட்படாதவராயினர். 1866இல் அதன் தீர்வையும் 5 விழுக்காட்டில் கட்டுண்டது. எனவே எகிப்தின் வீழ்ச்சிக்குத் தீர்வைக் கட்டுப்பாடு ஒன்றே காரணம் எனக் கூறல் பொருந்தாது. ஒரே தளை இருவர் காலிலும் இருந்தது, ஒருவர் அறுத்தார்.

1868இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தபின் நடந்தவற்றுள் மூன்று இங்கே கருதத்தக்கவை. முதலாவது, கல்வி. 1872இல் வெளியான கல்வி ஆணை, எந்த ஊரிலும் எழுத்தறியாத குடும்பம் இருத்தலாகாது என்பதை நோக்கமாகக் கொண்டது. கோயில்களையும் தனியார் இல்லங்களையும் சார்ந்த சிறு பள்ளிகளால் அதற்கு முன்பே அங்கு எழுத்தறிவு பரவலாக இருந்தது. அதன்மீது புதிய கல்வி கட்டப்பட்டது. இரண்டாவது, அயல்நாட்டு வல்லுநரைப் பயன்படுத்திய முறை. அவர்களுக்குப் பெருஞ்சம்பளம் கொடுத்தனர். அவர்களிடம் கற்ற தம் மாணவரை விரைவில் அவ்விடங்களில் அமர்த்தினர். அரசு தொடங்கிய ஆலைகள் பலவற்றை 1880களில் தனியாருக்கு விற்றுவிட்டனர். இப்னு கல்தூன் வேண்டியபடி, அரசு வணிகத்திலிருந்து விலகிக் குடிகளுக்கு வழிவிட்டது.

மூன்றாவது, கடனைப் பற்றிய அச்சம். இருப்புப்பாதைக்காக 1870இல் 10 லட்சம் பவுனும், சாமுராய்களின் மானியத்தைத் தீர்க்க 1873இல் 24 லட்சம் பவுனும் இலண்டனில் கடன் பெற்ற ஜப்பான், அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டுக் கடனை நாடவில்லை. 1879இல் ஜப்பான் வந்த அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்ட், அயல்நாட்டுக் கடனைத் தவிர்க்குமாறு மெய்ஜிப் பேரரசரிடம் அறிவுறுத்தினார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் சுட்டிய நாடுகளுள் எகிப்தும் ஒன்று. மறுஆண்டு 5 கோடி யென் வெளிநாட்டில் கடன் வாங்கலாம் என்ற ஓகுமாவின் திட்டம் கைவிடப்பட்டது. எகிப்தின் வீழ்ச்சி ஜப்பானுக்குப் பாடநூலாயிற்று.

இதற்கான விலையை ஜப்பானிய உழவரே செலுத்தினர் என்பதையும் மறைத்தலாகாது. 1873இல் நில மதிப்பில் 3 விழுக்காடாக விதிக்கப்பட்ட வரியை எதிர்த்துக் கலகங்கள் வெடித்தன. 1877இல் அது இரண்டரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1880களின் பணச் சுருக்கத்தில் நிலம் இழந்தோர் பலர். ஆயினும் பிழிந்தெடுத்த செல்வம் இலண்டனுக்கும் பாரிஸுக்கும் வட்டியாகச் செல்லாமல் நாட்டிற்குள்ளேயே தங்கிற்று.

கொழும்பில் ஒரு சந்திப்பு

தோற்ற உறாபியும் அவருடைய தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பில் கரையிறங்கினர். அவர்களுள் மஹ்மூத் ஸாமீ அல்பாரூதீ நவீன அரபுக் கவிதையின் முன்னோடியாவார். 1886இல் ஐரோப்பா செல்லும் வழியில் ஜப்பானிய அமைச்சர் தானி தாதெகியும் அவருடைய செயலாளர் ஷிபா ஷிரோவும் இலங்கையில் உறாபியைச் சந்தித்தனர். ஷிபா, தோக்காய் சன்ஷி என்ற புனைபெயரில் எழுதிய நாவலாசிரியர். தம் நாவலில் எகிப்தியரின் போராட்டத்தையும் சேர்த்தவர். 1889இல் எகிப்தின் அண்மைக்கால வரலாற்றை ஜப்பானிய மொழியில் தனி நூலாகவும் எழுதினார்.

அப்போது ஜப்பானிய அரசு ஒப்பந்தங்களைத் திருத்தும் முயற்சியில் இருந்தது. அயல்நாட்டாரின் வழக்குகளில் அயல்நாட்டு நீதிபதிகள் பெரும்பான்மையாக அமரலாம் என்பது அதன் திட்டம். இது எகிப்தில் 1876 முதல் இயங்கிய கலப்பு நீதிமன்றங்களை ஒத்தது. பயணம் முடித்துத் திரும்பிய தானி, 1887இல் இத்திட்டத்தைக் கண்டித்துப் பதவி விலகினார். எதிர்ப்பு வலுத்து, பேச்சுவார்த்தை நிறுத்தப்பட்டு, வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவும் பதவி துறந்தார். 1899இல் அயல்நாட்டாரின் தனி நீதியுரிமையிலிருந்தும், 1911இல் தீர்வைக் கட்டுப்பாட்டிலிருந்தும் ஜப்பான் விடுபட்டது. எகிப்தின் கலப்பு நீதிமன்றங்கள் மூடப்பட்டது 1949இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி!

இலங்கை முஸ்லிம்களுக்கும் உறாபியின் வருகை வீண்போகவில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவரும் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற தமிழ் நாவலை வெளியிட்டவருமான அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் முதலியோருடன் சேர்ந்து நடத்திய கல்வி இயக்கத்திற்கு உறாபி பாஷா ஊக்கமளித்தார். 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றிய அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. போர்க்களத்தில் தோற்ற படைத்தலைவர் தம் வாழ்வின் பிற்பகுதியில் பள்ளிக்கூடத்திற்குத் துணை நின்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எடை போட்டுப் பார்த்தால்

நடுவுநிலையோடு நோக்கினால், இரு நாடுகளின் நிலையும் முற்றிலும் ஒப்பானதன்று. இந்தியாவுக்குச் செல்லும் வழியில் அமைந்த எகிப்தைப் பிரித்தானியா தன் கண்ணிலிருந்து விடுவதாக இல்லை. ஜப்பான் உலகின் மறுகோடியில் இருந்தது. அதன்மீது ஐரோப்பியரின் பசி அத்துணை கடுமையாக இல்லை. எகிப்து உதுமானிய அரசின் மாகாணமாக இருந்தமையால் பிறர் செய்த ஒப்பந்தத்திற்கும் கட்டுப்பட நேர்ந்தது. இவை எகிப்தியர் தேடிக்கொண்ட குறைகள் அல்ல. நிலவமைப்பும் நற்பேறும் வரலாற்றில் வகிக்கும் பங்கை மறுப்பவர் வெற்றி பெற்றோரை மிகைபடப் புகழ்வர். தோற்றோரை மிகைபடப் பழிப்பர்.

இருப்பினும் இவற்றைக் கழித்த பின்னும் எஞ்சுவது ஒன்றுண்டு. எகிப்தில் அறிவு அரசனுக்காக வந்தது. அரசன் விலகியதும் அதுவும் விலகிற்று. ஜப்பானில் அது ஊர்ப் பள்ளிவரை இறங்கியமையால், அமைச்சர்கள் மாறியபோதும் நின்றது. எகிப்தில் வாங்கிய கடனுக்குக் கணக்குக் கேட்க யாரும் இருக்கவில்லை. கேட்கத் துணிந்த அவை உருவானபோது காலம் கடந்திருந்தது. ஜப்பானில் 1889இல் அரசியல் சட்டம் வரும் முன்னரே, அமைச்சரைப் பதவி விலகச் செய்யுமளவுக்குப் பொதுக் கருத்து வலுப்பெற்றிருந்தது. அஸபிய்யா என்பது குருதி உறவு மட்டுமன்று. நாட்டின் ஆதாயத்திலும் இழப்பிலும் தனக்கும் பங்குண்டு என்று குடிமகன் நம்புவதே அதன் உட்பொருள் எனக் கொண்டால், இப்னு கல்தூனின் கொள்கை இவ்விரு நாடுகளின் வரலாற்றிலும் மெய்யாவதைக் காணலாம்.

வலிமையே முடிவான அளவுகோல் அன்று என்பதற்கும் ஜப்பானே சான்று. தன் கால் விலங்கை முற்றாக அறுப்பதற்கு ஓராண்டு முன்னதாக, 1910இல், அது கொரியாவைத் தன்னோடு இணைத்து அம்மக்களின் காலில் விலங்கு பூட்டியது. அவ்வழி சென்று சேர்ந்த இடம் 1945இன் பேரழிவு. முகத்திமாவின் ஆசிரியர் அநீதியே நாகரிகத்தின் அழிவுக்குக் காரணம் என்று தனி அத்தியாயமே எழுதியவர். வலிமையை ஈட்டும் வழியையும் இழக்கும் வழியையும் ஒருங்கே ஆராய்ந்த அவ்வறிஞரை, நம் மதரஸாக்களிலும் கல்லூரிகளிலும் வெறும் பெயராக அன்றிப் பாடமாகவே பயிலும் நாள் வரவேண்டும்.